களத்து வெயில்

ஈரத்துணியைக் கொடியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி கழியால் தலைப்பைத் தூக்கி, எட்டாத உயரத்தில் கட்டியிருக்கும் கொடியில் போட வேண்டும். இன்னொருத்தி கீழே நின்று வால் முனையை இழுத்துப் பிடித்து, இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் தொங்குகிறதா என்று பார்த்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட வேண்டும். சாயப்பட்டறைக் களத்தில் ஜோடி பிரித்தபோது மேஸ்திரி அதிகம் யோசிக்கவில்லை. இருப்பதிலேயே உயரமானவளையும் இருப்பதிலேயே குள்ளமானவளையும் சேர்த்து நிறுத்தினார். அன்றிலிருந்து ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

அன்றைக்குக் குட்டைக்கு வேலையில் கை இருந்ததே தவிரக் கண் இல்லை. களத்தின் பின்பக்கத்துத் தட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, கதவு எங்கயும் ஓடிப் போயிடாது. துணியப் பாரு, ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்குது," என்றாள் நெட்டை.

"இல்லக்கா, உச்சி ஆயிருச்சு. பாப்பாவ இன்னும் காணோம்."

"வருவா. உன் காலுதான அவளுக்கும்? அது எட்டு வச்சு வரவேணாமா?"

தட்டிக் கதவு திறந்தது. முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை பாவாடை, தலையைச் சுற்றி ஒரு துண்டு. கல் சுடும் வெயிலில் கடுங்குளிருக்குப் பயந்தவள்போல் வந்தாள் பத்து வயது மகள். கையில் ஒரு சீசா. யாரையும் பார்க்காமல் நேராகக் கடைசி இரண்டு கொடிகளுக்கு நடுவே போய் மறைந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் குட்டையும் அங்கே ஓடினாள். மற்ற பெண்கள் கொட்டகை நிழலுக்குப் போனார்கள். நெட்டை மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையின் முனையில் கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். அவள்தான் காவல்.

இரண்டு பக்கமும் வெளுத்த துணி தரை தொட்டு நின்றது. நீளமான, கூரையில்லாத ஒரு அறை. ஈரச்சுவர் காற்றுக்கு உப்பி உப்பி அடங்கியது. மேலே வானமும் நடு உச்சியில் சூரியனும்தான். பாப்பா சட்டையைக் கழற்றினாள். கழற்றும்போது முதுகிலிருந்து செதில்கள் உதிர்ந்தன. அம்மா அவற்றைத் தரையில் விழவிடாமல் துண்டில் பிடித்துச் சுருட்டி வைத்தாள். துணியில் ஒட்டினால் வந்தது வினை. பிறகு சீசாவிலிருந்த ஆஸ்பத்திரி எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, முதுகிலும் கையிலும் முழங்காலிலும் மெல்லிசாகத் தடவினாள். முகத்தைத் துண்டால் மூடினாள்.

இந்த வெயிலைத் தேடிப் பிடிப்பதற்குள் குட்டைக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பாப்பாவுக்கு முதலில் தலையில் பொடுகு மாதிரிதான் வந்தது. பிறகு முழங்கை, முழங்கால், முதுகு என்று சிவந்து தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டியது. தெருமுனை மருந்துக் கடைக்காரர் பார்த்தார். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உடம்பு உரித்த முட்டைபோல் ஆனது. அவள் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மாத்திரை தீரத் தீர வாங்கிக் கொடுத்தாள். பாப்பாவின் கன்னம் உப்பியபோதுகூட, பிள்ளை தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். ஒருநாள் கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மாத்திரை நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காகி நின்றது அப்புறம்தான். மகளின் உடம்பு முழுக்க நெருப்பாய்ச் சிவந்து, கடுகு கடுகாய்ச் சீழ் கோத்துக்கொண்டது. காய்ச்சலில் பல் கிட்டியது. படுத்த துணியைத் தூக்கினால் தோலும் சேர்ந்து வந்தது.

அரசு ஆஸ்பத்திரியின் தோல் டாக்டர் சின்னப் பெண். அந்தப் பக்கத்துக்கெல்லாம் அவள் ஒருத்திதான். உயிரை மீட்டுக் கொடுத்தாள்.

"அந்த மாத்திரைய இதுக்குக் கொடுத்ததே தப்பும்மா. அதுவும் சடார்னு நின்னிருக்கு. அதான் உள்ள இருந்தது மொத்தமும் வெளிய பாஞ்சிருச்சு. பெரியவங்களுக்கே அபூர்வமா வர்றது, குழந்தைக்கு வந்திருக்கு."

பிறகு வேறு மாத்திரை கொடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் கேட்டது, ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈரல் தாங்கவில்லை என்று தெரிந்து நிறுத்த வேண்டியதாயிற்று. "ஊசி ஒண்ணு இருக்கு, நல்லாக் கேக்கும். ஆனா அது இங்கெல்லாம் வராதும்மா. வெயில் மாதிரி தோல்ல வெளிச்சம் பாய்ச்சற லைட் மிஷின் இருந்துச்சு. ட்யூப் எரிஞ்சு போச்சு. எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன், வந்தபாடில்ல." டாக்டர் சுவரோரம் பார்த்தாள். அங்கே அலமாரி போன்ற ஒரு பெட்டி நின்றது. உள்ளே மடக்கிய கட்டில்களைச் செருகி வைத்திருந்தார்கள். "அதுவரைக்கும் வெயில்தான். உச்சி வெயில்ல நிக்க வைங்க. காலை வெயில் பத்தாது. கொஞ்சம் கொஞ்சமா நேரத்தக் கூட்டுங்க. தோல் சிவந்தா அன்னைக்கி நிறுத்திடணும். வெந்துபோச்சுன்னா நோய் திருப்பிக் கிளம்பிடும். கூடவே ஆள் நிக்கணும்."

"வெயிலா டாக்டர்? அதுலதான நான் பொழைக்கிறேன்," என்று குட்டை சிரித்துவிட்டாள். ஊசி, மிஷின் என்று கேட்டு ஒடுங்கிப்போயிருந்தவளுக்கு, கடைசியில் கேட்டது இவ்வளவுதானா என்று இருந்தது.

இவ்வளவுதான் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்த அறை ஒரு சந்தின் கோடியில், இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே. பகலிலும் விளக்குப் போட வேண்டும். மொட்டை மாடிக்குப் படி, வீட்டுக்காரம்மாவின் வாசல் வழியாகப் போகிறது. "ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லலாம். ஒட்டுச்சுன்னா டாக்டரா வந்து பார்ப்பாங்க? மாடில எங்க வீட்டுப் பிள்ளைங்க விளையாடுது," என்றாள் அந்தம்மா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? தெருவில் நிறுத்தலாம் என்றால், வயதுக்கு வரப்போகிற பெண்ணை முதுகு திறந்து எந்தத் தெருவில் நிறுத்துவது? பள்ளிக்கூடத்தில் முன்பே "நல்லான பெறகு வரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பன்காரன் எங்கேயோ தூரத்தில் கட்டட வேலையில் இருந்தான். போன் செய்யும்போதெல்லாம் "நல்ல டாக்டரா பாரு" என்பான்.

கடைசியில் மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவர் காதைக் குடைந்துகொண்டே யோசித்தார்.

"சாப்பாட்டு நேரத்துல மட்டும். துணியில படக்கூடாது. துணி வாங்கற பார்ட்டி, முதலாளி யாரும் வந்தா கண்ணுலயும் படக்கூடாது. எனக்கு எதுவும் தெரியாது, நீயும் எங்கிட்ட எதுவும் கேக்கல. சரியா?"

"சரிண்ணே. உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும்ண்ணே."

இது நடந்து ஒரு மழை இல்லாத பருவம் போயிருந்தது. வெயில் வேலை செய்தது. முதலில் முழங்கை அடங்கியது. பிறகு கால். முதுகின் சிவப்பு தணிந்து தவிட்டு நிறமானது. இப்போதெல்லாம் செதிலும் குறைவு. முந்தின வாரம் பாப்பா சொறியாமல் விடியும்வரை தூங்கினாள். பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்குத்தான் அந்த அமைதி பழக்கமில்லாமல் விழிப்புத் தட்டியது. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, நானும் துணி மாதிரியே காயறேன்ல?" துண்டுக்குள்ளிருந்து பாப்பா கேட்டாள்.

"ஆமா. நீயும் ஒரு பீஸ்தான்."

"நான் என்ன கலர் பீஸ்?"

"உனக்கு இன்னும் சாயம் முக்கலடி. என்ன கலர் வேணும்னு நீதான் சொல்லணும்."

"ஸ்கூல் யூனிபார்ம் கலர்," என்றாள் அவள்.

அம்மா அவளைத் திருப்பி நிறுத்தினாள். முதுகில் விரலை அழுத்தி எடுத்து, சிவப்புத் தங்குகிறதா என்று பார்த்தாள். அந்தச் சமயம் பார்த்துக் கொட்டகைப் பக்கமிருந்து, தொட்டியில் வால்முனை சிக்கிக்கொண்டது, வந்து பிடி என்று குரல் வந்தது. போகாவிட்டால் இங்கேயே தேடி வருவார்கள். "அசையாம நில்லு, இதோ வந்துட்டேன்," என்று ஓடினாள்.

அவள் தொட்டியருகே குனிந்திருக்கும்போதே முன்வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். கூடவே பார்ட்டி, இரண்டு பேர். சாப்பாட்டு நேரத்தில் யாரும் வந்ததில்லை. மேஸ்திரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். "வெளுப்ப நீங்களே கண்ணால பாருங்க," என்று முதலாளி அவர்களை நேராகக் களத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். குட்டை தொட்டியருகே நின்று பார்த்தாள். கையில் பிடித்த துணியை விடவும் முடியவில்லை.

வரிசை முனையில் நெட்டை எழுந்து நின்று பெரிதாக இருமினாள். இருமல் போதாமல், "முதலாளி வர்றாங்க! எல்லாரும் எந்திரிங்கடி!" என்று மரியாதைக்குக் கூப்பிடுவதுபோல் கத்தினாள். கொடிகளுக்கு நடுவே பேச்சுச் சத்தம் நகர்ந்தது. கடைசி வரிசை வந்தது. நின்றது. யாரோ ஒருவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "பரவால்லையே" என்றார். பிறகு சத்தம் திரும்பி நகர்ந்தது. கார் போனது.

குட்டை ஓடிப்போய்ப் பார்த்தபோது பாப்பாவைக் காணவில்லை. தொங்கிக்கொண்டிருந்த துணி ஓரிடத்தில் மட்டும் தூண்போல் சுருண்டு நின்றது. ஆம்பளைக் குரல் கேட்டதும் அவள் ஈரத்துணியை இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நின்றிருக்கிறாள். குட்டை சுற்றைப் பிரித்து அவளை வெளியே எடுத்தாள்.

"என்னைப் பார்க்கலம்மா. நான் துணியாவே ஆயிட்டேன்," என்றாள்.

"கெட்டிக்காரி," என்று சொல்லிச் சட்டையைப் போட்டு அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுத் துணியைப் பார்த்தாள். நீவிவிட்டு, தூரத்தில் நின்று, கிட்டத்தில் வந்து, சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு செதில்கூட இல்லை. ஆனால் எண்ணெய் என்றால் என்ன என்று களத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அந்தப் பீஸை இறக்கி, சலவைச் சோடா போட்டு மறுபடி அலச வேண்டும். அலசினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் தட்டிக் கதவு மூடிவிடும். முதுகு இப்போதுதான் தவிட்டு நிறத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் வெயில் போதும், கொஞ்ச நாள்தான்.

"எல்லாம் சரியாடி? துணியில ஏதும் பட்டுச்சா?" என்று நெட்டை கேட்டாள்.

"இல்லக்கா. அவ ஓரமாத்தான் நின்னிருக்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, துணி காய்ந்ததும் வால் முனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினாள். ஒருவேளை எண்ணெய் படாமலே இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அதைப் பாதி நம்பியும்விட்டாள்.

மறுநாள் அந்த வெளுத்த துணி முழுக்கக் கருநீலத் தொட்டியில் இறங்கியது. சாயக்காரர்கள் பீஸைத் தூக்கி உருளையில் ஏற்றும்போது ஒருவன் "அய்யோ" என்று கையை எடுத்துவிட்டான். கருநீலத்தின் நடுவே வெளிறிய ஒரு சின்ன முதுகு. இரண்டு தோள்பட்டை. மார்போடு துணியை இறுக்கிப் பிடித்திருந்த பத்து விரல்கள். கீழே இரண்டு முழங்கால். ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததால், கொஞ்ச தூரம் தள்ளி அதே உருவம் இன்னும் மங்கலாக ஒரு தடவை. பட்டறையே கூடிவிட்டது. பேய் என்றான் ஒருவன். "பேய் என்னடா, நம்ம குட்டையோட மக," என்று அடுத்தவன் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அவளும் கூட்டத்துக்குப் பின்னால் எட்டி நின்று பார்த்தாள். தப்பு, பயம் எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் கண்ணில் பட்டது விரல்கள்தான். எவ்வளவு சின்ன விரல்கள் என்று நினைத்தாள்.

அன்று முழுக்கத் தொட்டி நின்றது. எண்ணெய் மிதக்கிறதோ என்று சாயத்தையே கொட்டினார்கள். களத்துப் பெண்களுக்கு அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெட்டை மட்டும் நின்றாள்.

"கேட்டேனேடி. வாயத் தொறந்து கேட்டேனே. சொல்லியிருந்தா ராவோட ராவா நானே எறக்கி அலசிப் போட்டிருப்பேன். யாருக்குத் தெரியும்? ஒரு வாளி சோடாத் தண்ணியோட போயிருக்கும்."

"பயமா இருந்துச்சுக்கா."

"என்கிட்டயா பயம்?" என்று கேட்டுவிட்டு நெட்டை விடுவிடுவென்று நடந்தாள். அவள் ஒரு எட்டு வைத்தால் குட்டைக்கு இரண்டு எட்டு. அன்று அவளை நடந்து பிடிக்க முடியவில்லை.

முதலாளி கத்தவில்லை. அதுதான் மேஸ்திரியின் கத்தலைவிடப் பயமாக இருந்தது. மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்.

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கணும்மா. நான் என்ன மனுஷன் இல்லையா? வேலைய விட்டு அனுப்பச் சொல்றாங்க எல்லாரும். நான் அனுப்ப மாட்டேன். பிள்ளைக்காரி. ஆனா களத்துல இனிமே வேணாம். ஆவி அறைக்குப் போயிடு. பிள்ளை இந்தப் பக்கமே வரக்கூடாது. நஷ்டத்தச் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கறேன்."

"சரிங்கய்யா. ரொம்ப நன்றிங்கய்யா," என்றாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று உண்மையாகவே நினைத்துக் கும்பிட்டாள். அறைக்கு வெளியே வந்து, மூடிய தட்டிக் கதவில் புதிதாகக் கம்பி சுற்றியிருப்பதைப் பார்த்தபோதுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆவி அறைக்குள் போனாள்.

சாயம் ஏறிய துணியைச் சுருட்டி இரும்புப் பெட்டிக்குள் தள்ளி ஆவி விடும் அறை அது. ஜன்னல் கிடையாது. கொதிகலன் நிற்காது என்பதால் சாப்பாட்டு மணியும் கிடையாது. ஆள் மாற்றி ஆள் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். புதிதாக வந்தவளுக்குக் கடைசி முறை. அவள் வெளியே வரும்போது வெயில் சாய்ந்துவிடும். விடுமுறை நாளில் பாப்பாவை ஊருக்கு வெளியே வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மேட்டில் பையன்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் கல்லெடுத்து எறிந்தான். "வேணாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்று பாப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டாள். அடுத்த விடுமுறைக்குக் கூப்பிட்டபோது பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

முதுகு மறுபடி சிவந்தது. முழங்கையில் தடிப்புக் கண்டது. விடிந்ததும் பாயைக் கூட்டினால் முறத்தில் செதில் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பழைய சீட்டைப் புரட்டினாள்.

"போன தடவை அவ்வளவு நல்லா இருந்துச்சேம்மா. வெயில்ல நிக்க வைக்கறீங்களா, இல்ல விட்டுட்டீங்களா?"

"வைக்கிறேன் டாக்டர்."

பாப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஏன் கேக்கலன்னு தெரியலையே," என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டு, இன்னொரு சீசா எண்ணெய் எழுதிக் கொடுத்தாள். "விட்டுறாதீங்க. உச்சி வெயில். ட்யூப் வந்தா நானே ஆள் அனுப்பறேன்."

அடுத்த நாள் ஆவிப் பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து, கொதிகலனைக் கொஞ்ச நேரம் அணைத்தார்கள். மெக்கானிக் வரும்வரை வெளியே போய் நிற்கலாம் என்றார்கள். உடம்போடு ஒட்டிய சேலையும் நனைந்த முடியுமாகக் குட்டை வாசற்படிக்கு வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு உச்சி வெயிலைப் பார்க்கிறாள். கண் கூசியது. கையைத் தூக்கி நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டாள்.

களத்தில் கொடிகள் நிறையத் துணி. நெட்டை புது ஜோடியோடு மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பாப்பா சந்துக்கோடி அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரில் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

கொட்டகை நிழல் எட்டாத இடத்தில் மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள் நின்றது. சீட்டு சுடாமல் இருக்க அதன்மேல் ஒரு துணியை இழுத்துப் போர்த்தி, கல் வைத்திருந்தார்கள். வீணாய்ப் போன கருநீலத் துணி. சின்ன முதுகும் தோள்பட்டையும் மேலே பார்த்தபடி இருக்க, கைப்பிடிகளின் பக்கமாகப் பத்து விரல்களும் விரிந்து கிடந்தன. வெயில் கொஞ்சமும் மறைவில்லாமல் அந்த முதுகின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மெக்கானிக் வந்தாச்சு. உள்ள வா," என்று யாரோ கூப்பிட்டார்கள்.